சுவருக்குள் தொலைந்த பில்லர்: ரெவிட்டில் எந்த வழியில் மீட்பது?

"சாரே, எஞ்சினியர் லிஸ்ட்ல பதினாலு பில்லர் இருக்கு, உங்க பிளான்ல எண்ணினா பதினொண்ணுதான் வருது." நெய்யாற்றின்கரை பக்கம் ஒரு வீடு. வரைபடம் மார்த்தாண்டத்தில் நாங்கள் போட்டது, காண்ட்ராக்டர் களியக்காவிளைக்காரர். வானம் தோண்டக் கயிறு கட்டும்போது போன் வந்தது. நல்லவேளை, மனுஷன் எண்ணிப் பார்த்தார்.

தப்பு என்னுடையதுதான். நாங்கள் வீட்டை வரையும் ரெவிட் மென்பொருளில் தூண் இரண்டு வகை, தோற்றத்துக்கான ஆர்க்கிடெக்சுரல், சுமை தாங்கும் ஸ்ட்ரக்சுரல். (ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் 'காலம்' ஆகிவிடுகிறது, அதனால் தூண் என்றே எழுதுகிறேன்.) காணாமல் போன மூன்றில் இரண்டு, ஆர்க்கிடெக்சுரல் வகையில் போட்டவை. அந்த வகை சுவரைத் தொட்டதும் சுவரின் மெட்டீரியலைத் தானே வாங்கிக்கொள்ளும், பூச்சு லேயரும் அதைச் சுற்றி ஓடும். திரையில் பார்க்க அழகாக, சுவரும் தூணும் ஒரே உடம்பாகத் தெரியும். 23 சென்டிமீட்டர் வெட்டுக்கல் சுவருக்குள் 23×45 தூண் இருந்தால், வெட்டுக்கல்லைக் குறிக்கும் கோட்டு நிரப்பல் (ஹேட்ச்) தான் தெரியும், தூண் தெரியாது. மூன்றாவது தூண் கதை வேறு. ஸ்ட்ரக்சுரல் தூணை வைக்கும்போது மேலே ஆப்ஷன்ஸ் பாரில் 'டெப்த்' (கீழ்நோக்கி) என்று இருந்ததை 'ஹைட்' (மேல்நோக்கி) என்று மாற்றாமல் விட்டேன், அது தளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வைத்தது இந்த வியூவில், அதாவது திறந்திருக்கும் வரைபடத்தில், தெரியவில்லை என்று ரெவிட் மூலையில் ஒரு பெட்டியில் சொல்லத்தான் செய்யும், அதைப் படிக்காமல் மூடுவதுதான் நம் பழக்கம்.

சரி, தூணைத் தனியாகத் தெரியவைக்க என்னென்ன வழி?

ஆர்க்கிடெக்சுரல் தூணையே வைத்துக்கொண்டு சமாளிப்பது முதல் வழி. வீட்டுக்காரருக்குக் காட்டும் பிளானுக்கு இது போதும். ஆனால் அதற்குள் கம்பி போட முடியாது, தூண்களைப் படமாகப் பட்டியலிடும் கிராஃபிகல் காலம் ஷெட்யூலிலும் அது வராது, ஆகவே தாங்குகிற தூணுக்கு இது ஆகாது. சிட்அவுட் முன்னால் தடியாக, மரம் போலவோ கல் போலவோ சுற்றிக் கட்டுகிறோமே, அந்த மேல்சட்டைக்கு இது பொருத்தம். உள்ளே 'அட் காலம்ஸ்' கட்டளையால் ஸ்ட்ரக்சுரல் தூணை நட்டுவிடலாம்.

இரண்டாவது, ஸ்ட்ரக்சுரல் தூணாகப் போட்டுவிட்டு அந்த வகைக்கு மட்டும் விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் அமைப்பில் கட் பேட்டர்னை, அதாவது வெட்டுமுகத்தின் நிரப்பலை, முழுக் கருப்பு (சாலிட்) ஆக்குவது. ஒரு வியூவில் செய்து வியூ டெம்ப்ளேட்டாக எடுத்துக்கொண்டால் மற்றப் பிளான்களுக்கும் அப்படியே போடலாம். நாலு நிமிட வேலை, சைட்டில் வெயிலில் நின்று பார்ப்பவருக்கும் பளிச்சென்று தெரியும். ஆனால் இது வெறும் மேக்கப். உள்ளே சுவரும் தூணும் ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் நிற்கும். சுவருக்குள் முழுக்கப் புதைந்த ஒரு 23×45 தூண், 3 மீட்டர் உயரத்துக்கு 0.31 கன மீட்டர். பதினாலு தூணும் இப்படியென்றால் சுமார் 4.3 கன மீட்டர், அத்தனையும் வெட்டுக்கல் கணக்கிலும் வரும், கான்கிரீட் கணக்கிலும் வரும். ரெவிட் தரும் அளவை நம்பிக் கல் இறக்குபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

அங்கேதான் மூன்றாவது வழி, இரண்டு உருவங்களைச் சேர்க்கும் ஜாயின் ஜியோமெட்ரி கட்டளை, ஜெயிக்கிறது. சுவரையும் தூணையும் அதால் சேர்த்தால் சுவர் தூணுக்கு இடம்விட்டு வெட்டிக்கொள்ளும், அளவும் கழியும், கோடும் சுத்தமாக வரும். தொல்லை என்னவென்றால், தூணுக்குத் தூண் கையால் சேர்க்க வேண்டும், சேர்ப்பு கூடக் கூட ஃபைல் கனக்கும், எஞ்சினியர் தூணை ஓர் அடி நகர்த்திவிட்டால் 'சேர்ந்திருக்கிறது, ஆனால் தொடவில்லை' என்று எச்சரிக்கை வரிசை கட்டும். இன்னொன்று, சுவரும் கான்கிரீட், தூணும் அதே மெட்டீரியல் என்றால் சேர்த்ததும் நடுக்கோடு மறைந்துவிடும். லிஃப்ட் சுவருக்கு அதுதான் வேண்டும், வெட்டுக்கல் சுவரில் இந்தப் பிரச்சினையே இல்லை.

ஃபில்டு ரீஜன், அதாவது நிறம் நிரப்பிய வெறும் 2டி வடிவம், வரைந்து தூணை மூடுகிறவர்களும் உண்டு. நானும் செய்திருக்கிறேன், சாயங்காலம் ஐந்து மணிக்கு பிரிண்ட் போக வேண்டுமென்றால் யாரும் செய்வார்கள். அது அந்த ஒரு வியூவில் ஒட்டிய காகிதம். தூண் நகர்ந்தால் அது நகராது.

இதில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் வியூவின் டிசிப்ளின் (எந்தத் துறைக்கான வரைபடம் என்ற அமைப்பு) என்னவென்று பாருங்கள். அது ஸ்ட்ரக்சுரல் என்றிருந்தால் சுமை தாங்காத சுவரெல்லாம் மறைந்துவிடும், சுவரைக் காணோம் என்று அரைமணி நேரம் தேடுவோம்.

ரெவிட் போன்ற இன்னொரு மென்பொருளான ஆர்க்கிகேட்டில் வரைபவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், அவர்கள் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. 2013இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து அதில் பில்டிங் மெட்டீரியல் ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. கான்கிரீட்டுக்குப் பெரிய எண், கல்லுக்கு அதைவிடச் சின்ன எண் கொடுத்துவிட்டால், மோதுகிற இடத்திலெல்லாம் கான்கிரீட் தானே வெட்டிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு தூணாகத் தொட வேண்டியதில்லை. சுவரும் தூணும் இருக்கும் ஆர்க்கிகேட் லேயர்களின் (சுவரின் பூச்சு லேயர் அல்ல, பொருள்களைப் பிரித்து வைக்கும் அடுக்கு) இன்டர்செக்ஷன் எண் வேறாக இருந்தால் மட்டும் மோதாமல் நழுவிவிடும், அதைக் கவனிக்க வேண்டும். ரெவிட்டிலும் சுவர் லேயர்களுக்கு 1 முதல் 5 வரை எண் இருக்கிறது, ஆனால் அது சுவரோடு சுவர் சேரும் பஞ்சாயத்துக்கு. தவிர அங்கே சின்ன எண்தான் பலசாலி, ஆர்க்கிகேட்டில் பெரிய எண். இரண்டிலும் வேலை பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

இதற்காக மட்டும் மென்பொருளை மாற்றச் சொல்லமாட்டேன். எஞ்சினியர் ரெவிட் ஃபைல்தான் அனுப்புகிறார். என் வழக்கம் இப்போது இப்படி: தாங்குகிற தூண் எல்லாம் ஸ்ட்ரக்சுரல், முதல் நாளே கருப்பு சாலிட் டெம்ப்ளேட், தூண் இடம் உறுதியான பிறகே ஜாயின். முன்கூட்டியே சேர்த்தால் பிரித்துப் பிரித்துச் சேர்ப்பதிலேயே ஒரு நாள் போய்விடும். பிரிண்டுக்கு முன் காகிதத்தில் பென்சிலால் ஒவ்வொரு தூணாகப் புள்ளி வைத்து எண்ணுகிறேன். களியக்காவிளைக்காரர் அன்று செய்தது அதைத்தான்.