கண்டாங்கியா, காட்டன் சுடிதாரா: ஆடிட்டர் அலுவலகப் பயிற்சிக்கு எது தோது?

என் சித்தி மகள் வருகிற மாதம் காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ. படிப்புக்கான கட்டாயப் பயிற்சியில், சேர்கிறாள். அவளுக்குக் கொடுத்த விதிமுறைத் தாளில் உடையைப் பற்றி இரண்டே வரிகள்: பெண்கள் சேலை அல்லது துப்பட்டாவுடன் சுடிதார், ஆண்கள் முழுக்கைச் சட்டை, பேன்ட், ஷூ. தாளைக் காட்டிவிட்டு, "அக்கா, நாலு சேலை எடுக்கட்டுமா, நாலு சுடிதார் தைக்கட்டுமா?" என்று கேட்டாள். 2018-இல் இதே ஊரில், இதே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு எழுந்த கேள்வியும் இதுதான். அன்று நான் எங்கள் செட்டிநாட்டுப் பருத்திச் சேலையான கண்டாங்கியில் மூன்றை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஆறாவது மாதம் தையற்காரர் வாசலில் நின்றேன். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினசரிக்குக் காட்டன் சுடிதார்தான். ஆனால் அந்த முடிவுக்கு வரப் பல நாள் பிடித்தது. அதற்குக் காரணம் நான் முதலில் எண்ணியிருந்ததும் அல்ல.

எது மரியாதையான உடை என்ற விவாதத்தில் நேரம் செலவிடத் தேவையில்லை. 2019 மே மாத இறுதியில் தமிழ்நாடு அரசு தன் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வகுத்த உடை விதியிலேயே பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் மூன்றும் இடம்பெற்றன. ஆண்களுக்குப் பேன்ட் சட்டையோடு வேட்டியும் இருந்தது. கோட்டைக்கே போதுமானது நமக்கும் போதும். லெக்கிங்ஸ், கசங்கிய துப்பட்டா, நடக்கும்போது சலங்கை போல் ஒலிக்கும் கொலுசு ஆகியவை வேண்டாம் என்பதை யாரும் எழுதித்தர வேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு தேர்வும் உண்டு. கடைகளில் தொங்கும் பாலியெஸ்டர் கலந்த ரெடிமேட் குர்த்திகள் விலை குறைவு, சுருங்காது, இஸ்திரியும் கேட்காது. பராமரிப்பு மட்டுமே கணக்கு என்றால் அதுதான் வெல்ல வேண்டும். ஆனால் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும் இழை. பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட வாங்காது. சித்திரை வெயிலில் டவுன் பஸ்ஸில் நின்றபடி வந்து, மின்விசிறி மட்டுமே உள்ள அறையில் நாலு பேர் நெருங்கி உட்கார்ந்து வவுச்சர் சரிபார்க்கும்போது அந்த வித்தியாசத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்து நாற்காலிக்காரரே உணர்ந்துவிடுவார். எனவே அதை ஒதுக்கிவிடுகிறேன்.

இனிக் கண்டாங்கி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சேலையின் அருமையைச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் விளக்கினால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். தடித்த நூல், பட்டைக் கரை, கட்டமோ கோடோ. மஞ்சள், அரக்கு, கறுப்பு என்று தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் நிறங்கள். அதை உடுத்தியவளுக்குக் கிடைக்கும் மதிப்பு உண்மையானது. அதை மறைத்துச் சுடிதாருக்கு வாதாட எனக்கு மனமில்லை. புதுவயலில் ஓர் அரிசி ஆலைக்கு இருப்புச் சரிபார்க்கப் போனபோது கண்டாங்கி கட்டியிருந்தேன். மேலாளர் எழுந்து, "வாங்க மேடம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அடுத்த காலாண்டில் அதே ஆலைக்குச் சுடிதாரில் போனேன். அதே மனிதர், "ஆடிட்டர் வரலையா பாப்பா?" என்று கேட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வயதுப் பெண்ணுக்குச் சேலை ஐந்து வயதைக் கூட்டிக் கொடுக்கிறது. பயிற்சிக்காலத்தில் அந்த ஐந்து வயது பெரிய மூலதனம். ஆனால் அந்த மூலதனம் வாசலைத் தாண்டும் வரைதான் செல்லும். இருப்புப் பதிவேட்டில் உள்ள மூட்டை எண்ணிக்கைக்கும் கிட்டங்கியில் (சரக்கறையில்) அடுக்கியிருந்ததற்கும் வித்தியாசம் இருப்பதை எடுத்துச் சொன்ன பிறகு, "பாப்பா" தானாகவே "மேடம்" ஆகிவிட்டது.

அதே ஆலையில்தான் சேலையின் மறுபக்கத்தையும் கண்டேன். மூட்டை அடுக்கின் மேல்வரிசையை எண்ண ஏணியில் ஏற வேண்டும். முன்தானையை இடுப்பில் செருகி, கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையால் ஏணியைப் பற்றினால் நோட்டுப் புத்தகத்துக்கு மூன்றாவது கை வேண்டும். ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: இது கண்டாங்கியின் குற்றமன்று, நாம் அதைக் கட்டும் முறையின் குற்றம். எங்கள் பாட்டி தலைமுறையில் ஆச்சிமார் அதைப் பின்கொசுவம் வைத்து, கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டினார்கள். வேலை செய்யும் பெண்ணுக்கான உடையாகத்தான் அது இருந்தது. தரை கூட்டும்படி இறக்கிக் கட்டியது பிற்காலத்து வழக்கம்.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது ஏணி அன்று, கஞ்சி. சொல்லச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. கண்டாங்கிக்குக் கஞ்சி போடாவிட்டால் மதியத்துக்குள் முட்டிப் பக்கம் தொளதொளத்துப் போய், காலையில் கிடைத்த அந்த ஐந்து வயதும் இறங்கிவிடும். கஞ்சி போட்டாலோ ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வடித்த கஞ்சியை ஆறவைத்து, துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு இளக்கி, துவைத்த சேலையை மடிப்புப் பிரித்து முக்கி, இரண்டாங்கட்டில் (வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியில்) கொடி கட்டி நிழலில் காயப்போட்டு, முழுக்கக் காய்வதற்கு முன் எடுத்து நீவி மடித்து, தேய்ப்பு வண்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் வடிகட்டாமல் முக்கிவிட்டேன். மறுநாள் ஒரு வங்கிக் கிளையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்த பிறகுதான் சேலையின் கறுப்பு உடலில் ஆங்காங்கே கட்டிக் கஞ்சி வெண்திட்டாகக் காய்ந்திருப்பது தெரிந்தது. அன்று முழுவதும் ஒரு ஃபைலை மடியிலிருந்து இறக்காமல் வேலை பார்த்தேன்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். வாரம் ஆறு நாள் வேலை. கஞ்சி போட்ட சேலையை ஒருநாள் விட்டு ஒருநாளாக இருமுறை கட்டலாம். மூன்றாம் முறை முடியாது. மூன்று சேலை, ஆறு நாள், கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் துவைத்து, கஞ்சி கண்டு, காய்ந்து, தேய்த்து வர வேண்டும். வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு செப்டம்பர் 30. அந்த மாதத்தில் எங்களுக்கு ஞாயிறே கிடையாது. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொள்ளும். தடித்த நூல் இரண்டு நாளானாலும் காயாமல் ஒரு வாடை அடிக்கத் தொடங்கும். தேய்ப்புக் கூலியும் சும்மா இல்லை. கஞ்சிச் சேலைக்கு அப்போது 50 ரூபாய் கொடுத்தேன். வாரம் மூன்று, மாதம் பன்னிரண்டு, ஆக 600 ரூபாய். என் உதவித்தொகை 2,500. வருமானத்தில் கால் பங்கை இஸ்திரிக்குக் கொடுக்கும் நிறுவனம் எதையாவது தணிக்கையில் பார்த்திருந்தால் நானே சிவப்பு மையில் குறிப்பெழுதியிருப்பேன்.

சுடிதாரின் கணக்கு வேறு. ஒவ்வொரு முறை போட்ட பிறகும் துவைக்கத்தான் வேண்டும், அதில் சலுகை இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு அலசிப் பிழிந்து மின்விசிறிக்குக் கீழே விரித்தால், மெல்லிய காட்டன் காலையில் காய்ந்திருக்கும். மேல்சட்டையைத் தேய்க்க வீட்டு இஸ்திரிப்பெட்டியில் ஐந்து நிமிடம் போதும். நான்கு மேல்சட்டை, அவற்றோடு பொருந்தும் இரண்டு பேன்ட், இரண்டு துப்பட்டா இருந்தால் மழைக்காலத்திலும் சக்கரம் நிற்பதில்லை. துணி எடுத்துத் தைப்பதாக இருந்தால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடுக்க வேண்டும். புதுக் காட்டன் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும். 40 அங்குல மேல்சட்டையில் அது ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம். நான் ஊறவைக்காமல் தைத்த முதல் செட், இரண்டாம் துவைப்பில் தங்கைக்குப் போனது. இரண்டாவது, வலப்பக்கம் ஆழமான பை வைக்கச் சொல்ல வேண்டும். பேனா, கைப்பேசி, கிட்டங்கிச் சாவி மூன்றும் அதில் அடங்க வேண்டும், தையற்காரர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மூன்றாவது, நிறம். கறுப்பில் உமித்தூசி பளிச்சென்று தெரியும், வெளிர்நிறத்தில் ஸ்டாம்ப் மை தெரியும்; இடைப்பட்ட செங்கல், இலைப்பச்சை, சாம்பல்நீலம் நன்றாக உழைக்கின்றன.

செட்டிநாட்டில் இந்தத் தொழிலுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. இங்கே வாடிக்கையாளர்களில் பலர் கணக்குகளை வீட்டிலேயே வைத்திருப்பவர்கள். முகப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) பாய் விரித்து, பேரேடுகளைச் சுற்றிப் பரப்பிக்கொண்டு மூன்று மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைக் கிட்டங்கிகளில் கடைசிப் படியில் வேலை கற்ற சிறுவனைப் பெட்டியடிப் பையன் என்பார்கள்; அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். வேட்டியோடு தரையில் பெட்டிக்கு முன் உட்கார்ந்துதான் அவன் கணக்குப் படித்தான். இன்றைய பயிற்சியாளரும் அந்தப் பெட்டியடிப் பையனின் வாரிசுதான், உட்காரும் இடமும் பல வீடுகளில் மாறவில்லை. தளர்வான சுடிதாருக்கு அந்தத் தரை சொந்த வீடு. இறுக்கமான பேன்ட் பத்தாவது நிமிடத்திலேயே பாடாய்ப் படுத்தும். சேலையோ, உட்காரும்போது வசதிதான். எழும்போது கஞ்சி மடிப்பெல்லாம் அப்பளமாக நொறுங்கியிருக்கும்.

ஆண்களைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவமில்லை. உடன் படித்த தம்பிகள் பட்ட பாட்டைப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கயிறு கட்டும் ஷூ வேண்டவே வேண்டாம். ஒரே நாளில் நாலு வீட்டு முகப்பில் கழற்றி மாட்டிய ஒரு தம்பி, மூன்றாவது வீட்டில் கட்டைவிரல் தெரியும் சாக்ஸோடு ஆத்தங்குடித் தரையில் நின்ற கோலம் அலுவலகத்தில் ஒரு மாதப் பேச்சு. கயிறில்லாத தோல் ஷூவும் ஓட்டையில்லாத சாக்ஸும் போதும். வேட்டி கட்டி வரலாமா என்று ஒருவன் கேட்டான். வேட்டி கட்டியவரை மன்றங்களுக்குள் விடமாட்டோம் என்பதைத் தடுக்க 2014-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஆனால் அது பொது இடங்களில் நுழைவதைப் பற்றியது, அலுவலக உடை விதிக்கு அதை நீட்ட முடியாது. எங்கள் சீனியர் ஆடிட்டர் வெள்ளிக்கிழமைகளில் வேட்டியில்தான் வருவார். பயிற்சிப் பையன்கள் யாரும் துணியவில்லை.

ஆய்வகத்திலோ ஓட்டல் வரவேற்பிலோ பயிற்சிக்குப் போகும் பெண்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. பழைய வீடுகளை ஓட்டலாக்கிய இடங்களில் கண்டாங்கியே சீருடையாக இருந்தால், துவைத்துத் தேய்த்துக் கொடுப்பது யார் பொறுப்பு என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. சலவையை நிறுவனமே ஏற்றால் என் வாதத்தில் பாதி அடிபட்டுப் போகும். அந்த நிலையில் நானும் கண்டாங்கியைத்தான் சொல்வேன்.

உழைப்பில் கண்டாங்கியை அடிக்க முடியாது என்பதையும் மறைக்கக் கூடாது. என் சுடிதார்கள் ஒன்றரை வருடத்தில் கழுத்தோரம் வெளுத்து வீட்டுக்கு இறங்கிவிட்டன. அந்த மூன்று சேலைகளும் இன்றும் பெட்டியில் இருக்கின்றன. ஆனால் ஆர்டிகிள்ஷிப்பின் காலமே இப்போது குறைந்துவிட்டது. எனக்கு மூன்று வருடம். 2023 ஜூலை முதல் சேர்கிறவர்களுக்கு இரண்டு. இரண்டு வருடத்துக்கு ஒன்றரை வருடத் துணி பெரிய நஷ்டமில்லை.

சித்தி மகளுக்கு நான்கு சுடிதார்த் துணி எடுத்தாகிவிட்டது. இந்த வரிகளை எழுதும்போது அவை வாளியில் ஊறிக்கொண்டிருக்கின்றன. முதல் நாள் சீனியரைப் பார்க்கவும், வங்கிக்கும் வருமான வரி அலுவலகத்துக்கும் போகும் நாட்களுக்கும் என் அரக்குக் கண்டாங்கியைக் கொடுத்திருக்கிறேன். கஞ்சியை இரண்டு முறை வடிகட்டச் சொல்லியிருக்கிறேன்.