பிட்வார்டன் இலவசப் பதிப்பு வன்னிக்குத் தோதா?

பரந்தனிலோ மல்லாவியிலோ புதுப் போன் வாங்கினால் ஜிமெயிலையும் பேஸ்புக்கையும் பல கடைகளில் அவர்களே திறந்து கையில் தந்துவிடுவார்கள். பாஸ்வேட் போன் நம்பராக இருக்கும், இல்லாவிட்டால் அடையாள அட்டை இலக்கமாக இருக்கும். கொஞ்ச நாளில் அதே பாஸ்வேட் வங்கிக் கணக்குக்கும் போய்விடும். அடையாள அட்டை இலக்கம் நீளமாக இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். புது அட்டையின் 12 இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டி வரும். பேஸ்புக்கில் பிறந்தநாளைப் போட்டவரின் ஏழு இலக்கம் ஏற்கெனவே ஊருக்குத் தெரியும். மிச்சம் ஐந்து, அதாவது கூடிப்போனால் ஒரு லட்சம் சேர்க்கைகள். ஏதாவது ஒரு தளத்திலிருந்து கசிந்த பாஸ்வேட் கோப்பை வைத்துத் தேடும் கணினிக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை.

பிட்வார்டன் என்பது பாஸ்வேட்டுகளையெல்லாம் ஒரே பெட்டியில் பூட்டி வைக்கும் செயலி. இந்த நிலைமைக்கு அதன் இலவசப் பதிப்பு தோதானதுதான், தொடங்கும்போது ஒரு பொறியைத் தாண்டிவிட்டால். எத்தனை பாஸ்வேட்டும் போடலாம், எத்தனை போனிலும் கணினியிலும் திறக்கலாம், காசில்லை. நிரல் யாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. பாஸ்வேட்டுகள் போனைவிட்டு வெளியேறும் முன்பே பூட்டப்படுவதால் நிறுவனத்தின் சேர்வரில் இருப்பது பூட்டிய பெட்டி மட்டும்தான். 2022இல், இதே வேலையைச் செய்யும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் இப்படியான பெட்டிகளின் பிரதிகளே களவு போயின. அப்படி ஒரு நாள் வந்தால் உங்களுக்கும் திருடனுக்கும் நடுவில் நிற்பது பெட்டியைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேட் ஒன்றுதான்.

அதற்குக் குறைந்தது 12 எழுத்து வேண்டும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களை நடுவில் கோடு போட்டு எழுதுங்கள். மனதில் தோன்றியதை எடுக்காமல், கண்ணை மூடிப் புத்தகத்தை விரித்துக் கை படும் சொல்லை எடுக்க வேண்டும். பிள்ளையின் பெயர், ஊர்ப்பெயர், குளத்தின் பெயர் வேண்டாம். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிப்பது நல்ல யோசனை, ஆனால் ‘உரல்’ என்ற சொல்லுக்குக் கடைசியில் ஒரு ‘l’ஆ இரண்டு ‘l’ஆ என்பதை அன்றைக்கே முடிவு பண்ணிக் கடதாசியில் எழுதிவிடுங்கள். தமிழ் எழுத்திலேயே போட வேண்டாம். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரு விசைப்பலகை ஒரே குறியாகப் பதியும், இன்னொன்று இரண்டாகப் பதியும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்குத் தெரியும்.

இனி அந்தப் பொறி. புதிய போனிலிருந்து நுழையும்போது, பாஸ்வேட்டுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டாம் கட்டப் பூட்டு எதுவும் போடாதவருக்குப் பிட்வார்டன் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்பும். மின்னஞ்சலின் பாஸ்வேட்டோ பெட்டிக்குள் இருக்கிறது. போன் கிணற்றில் விழுந்த அன்று பெட்டியைத் திறக்க மின்னஞ்சல் வேண்டும், மின்னஞ்சலைத் திறக்கப் பெட்டி வேண்டும். ஆகவே கணக்குத் திறந்த அன்றே இரண்டாம் கட்டப் பூட்டைப் போட்டு, அங்கே தரும் மீட்புக் குறியீட்டை, ரிக்கவரி கோட் என்று இருக்கும், எழுதி எடுங்கள். மாஸ்டர் பாஸ்வேட், மீட்புக் குறியீடு, மின்னஞ்சல் பாஸ்வேட் மூன்றும் ஒரே கடதாசியில், குமிழ்முனைப் பேனாவால். ஸ்கிரீன்ஷொட் வேண்டாம், அது கூகுள் போட்டோஸுக்குப் போய்விடும். காணி பெமிட்டும் பிறப்புச் சான்றிதழும் போட்ட பையை இடம்பெயர்ந்த போதெல்லாம் தூக்கித் திரிந்த சனத்துக்கு, கடதாசியை எங்கே வைப்பது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே போனால் சிக்னல் வரும், போகும். அங்கே பிட்வார்டன் பரவாயில்லை. ஒருமுறை திறந்த பெட்டியின் பிரதி போனிலேயே இருப்பதால் டேட்டா இல்லாமலும் பார்க்கலாம். புதிதாகச் சேர்க்கவோ திருத்தவோ முடியாது, அது ஒரு குறைதான். செட்டிங்ஸில் நேரம் முடிந்ததும் என்ன செய்வது என்ற இடத்தில் ‘லொக்’ (Lock) என்று வையுங்கள். ‘லொக் அவுட்’ (Log out) என்று வைத்தால் பிரதியும் அழிந்துவிடும், பிறகு சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வரும்வரை ஒன்றும் திறக்காது. இரண்டாம் கட்டப் பூட்டுக்கு ஓதென்ரிக்கேட்டர் செயலி நல்லது. அதன் ஆறு இலக்கம் போனுக்குள்ளேயே உருவாவதால் சிக்னல் வேண்டாம், போனின் மணிக்கூடு சரியாக ஓடினால் போதும். எண் சரியாக அடித்தும் பிழை என்று வந்தால் முதலில் நேரத்தைத் தானியங்கியில் விடுங்கள்.

பாஸ்வேட்டைத் தானே நிரப்பும் வசதிதான் பலருக்குச் சண்டித்தனம் பண்ணும். அண்ட்ரொய்ட் செட்டிங்ஸில் பிட்வார்டனைத் தெரிவு செய்தாலும் குரோம் கண்டுகொள்ளாது. குரோமின் செட்டிங்ஸுக்குள் ஓட்டோபில் சேர்விசஸ் என்ற இடத்திலும் வேறு சேவையைப் பாவிக்கச் சொல்லி, குரோமை மூடித் திறக்க வேண்டும். சில செயலிகளில் அப்படியும் நிரப்பாது, கொப்பி பண்ணித்தான் ஒட்ட வேண்டும். கொப்பி பண்ணியதை 30 செக்கனில் அழிக்கச் சொல்லி வையுங்கள், சும்மா விட்டால் நெடுநேரம் அப்படியே கிடக்கலாம். வட்ஸ்அப்பில் வந்த இணைப்பால் போன பக்கத்தில் வழக்கமாக நிரப்பும் பாஸ்வேட்டைப் பிட்வார்டன் காட்டவில்லையென்றால் அவசரப்பட்டுக் கையால் அடிக்காமல் முகவரியைப் பாருங்கள். பக்கம் அச்சொட்டாக வங்கியைப் போலவே இருக்கும், முகவரி மட்டும் வேறு. அது முகவரியைப் பார்த்தே நிரப்புகிறது, படத்தைப் பார்த்தல்ல.

குரோமில் சேமித்திருந்த பழைய பாஸ்வேட்டுகளைக் கோப்பாக இறக்கி இதற்குள் ஏற்றலாம். அந்தக் கோப்பில் எல்லாமே வெட்டவெளிச்சமாக இருக்கும். ஏற்றி முடிந்ததும் டவுன்லோட்ஸிலும் குப்பைத்தொட்டியிலும் தேடி அழியுங்கள். படிவம் பிரிண்ட் எடுக்கக் கொமியூனிகேஷன் கடைக்குப் போனால் அந்தக் கணினியில் பெட்டியைத் திறக்கவே கூடாது. பிரிண்ட் எடுக்கும் படிவத்தை மட்டும் பென் ட்ரைவில் கொண்டுபோங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அக்காவோடு ஒரு கணக்கைப் பகிர வேண்டுமென்றால் இலவசத்திலேயே இருவருக்கு ஒரு குழு அமைக்கலாம். இருவரும் ஒரே பிராந்தியத்தில் கணக்குத் திறந்திருக்க வேண்டும். அவ பிரான்ஸில் இருந்து ஐரோப்பியச் சேர்வரிலும் நீங்கள் அமெரிக்கச் சேர்வரிலும் திறந்திருந்தால் குழு சேராது. நுழையும்போது பிராந்தியத்தை மாற்றித் தெரிவு செய்தாலும் சரியான பாஸ்வேட்டையே பிழை என்று சொல்லும்.

கைரேகை வைத்தே திறந்து பழகினால் மாஸ்டர் பாஸ்வேட் மறந்துபோகும், கிழமைக்கு ஒருக்கால் கையால் அடியுங்கள். மறந்தவருக்கு நிறுவனத்தாலும் எடுத்துத்தர முடியாது. ஏதாவது ஒரு போன் இன்னும் கைரேகைக்குத் திறக்கிறதென்றால் லொக் அவுட் பண்ணாமல், உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதி எடுத்துவிட்டு, கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

உங்களுக்கு ஏதும் நடந்தால் இன்னொருவர் பெட்டியைத் திறக்கும் அவசர அனுமதி, காசு கட்டும் பதிப்பில்தான் உண்டு. அதற்காக மட்டும் கட்டத் தேவையில்லை, பையில் இருக்கும் கடதாசியை வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.