பழைய ஏடிவிக்கு எந்த சைலன்சர்: ஒட்டா, பட்டறை வேலையா, ஸ்லிப்-ஆனா?

ஈசிஆர் பக்கம் உப்புக் காற்றில் நிற்கிற பழைய ஏடிவி (மணலிலும் தோப்பிலும் ஓட்டுகிற நான்கு சக்கர வண்டி) எதுவானாலும், இன்ஜின் திடமாக இருக்கும்போதே சைலன்சர் பொத்துப்போகும். அப்போது மூன்று வழி. ஒரிஜினலையே வெட்டி ஒட்டுப் போடலாம், பட்டறையில் புதிதாகச் செய்துகொள்ளலாம், ஆஃப்டர்மார்க்கெட் ஸ்லிப்-ஆன் (வேறு கம்பெனி செய்தது, இருக்கிற பைப் முனையில் செருகி மாட்டுவது) வாங்கி மாட்டலாம். நான் மாட்டியது ஸ்லிப்-ஆன். சாய்வு அந்தப் பக்கம்தான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சு 200 முதல் 400 சிசி வரையான ஒற்றை சிலிண்டர் கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றி. எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகளில் என் கை அவ்வளவாகப் பட்டதில்லை, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டின் கணக்கை அங்கே அப்படியே போடாதீர்கள்.

பவர், சத்தம் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்லிப்-ஆன் மட்டும் மாற்றினால் கூடுகிற பவர் மணலில் தெரியாது. சத்தம் நன்றாகவே தெரியும். சொந்தத் தோப்புக்குள்தானே ஓட்டுகிறோம் என்று விட முடியாது: குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு இருக்கிறது, பக்கத்துப் பண்ணை வீட்டுக்காரருக்கு அது நன்றாகவே தெரியும். வாயில் செருகிச் சத்தம் குறைக்கும் இன்செர்ட்டோடு வருகிற மாடலாகப் பாருங்கள்.

தீர்மானிக்கிற விஷயம் துரு, அதுவும் உள்ளிருந்து வருகிற துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வரும். வண்டி அரை மணி நேரம் விடாமல் ஓடினால் சைலன்சர் முழுக்கக் காய்ந்து அது வெளியேறிவிடும். ஐந்து நிமிஷம் ரவுண்டு அடித்து நிறுத்துகிற ரிசார்ட் வண்டியில் பின்பாதி சூடே ஏறாது. தண்ணீர் கரியோடு சேர்ந்து புளித்து அடியில் தேங்கும். அதற்காகத்தான் பல கம்பெனி சைலன்சர்களில் அடிப்பக்கம் 2–3 மில்லிமீட்டரில் ஒரு வடிதுளை வைத்திருப்பார்கள். ஈர மணல் முதலில் அடைப்பது அதைத்தான். மேலே கறுப்பு பெயின்ட் அப்படியே இருக்கும், உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும்.

இதனால்தான் ஒட்டு நிற்பதில்லை. ஒரு ஓட்டையை அடைத்தால் வெல்டிங் சூட்டில் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும், அந்தத் தகடும் அதே அளவு மெலிந்ததுதானே. கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். கலகலவென்றால் உள் தடுப்புகள் உதிர்ந்துவிட்டன, அதன்மேல் காசு போடாதீர்கள். சத்தமில்லாமல் இருந்தால் ஒட்டுப் போட்டு ஒரு மழைக்காலத்தைத் தள்ளலாம்.

பட்டறை வேலை மோசமில்லை. சென்னை செம்புதாஸ் தெருவில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் வாங்கி, அம்பத்தூர் பக்கம் ஆர்கான் வெல்டிங் போடுபவரிடம் கொடுத்தால் செய்துவிடுவார். 304 ரக எஸ்எஸ் என்று சொல்லி மட்டமான 202 தருவது சகஜம். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை, இரண்டிலும் அது சரியாக ஒட்டாது. சின்ன பேட்டரியோடு வருகிற டெஸ்ட் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவந்தால் 200 சீரிஸ். எஸ்எஸ்ஸை எஸ்எஸ்ஸோடு சேர்க்க 308எல் வெல்டிங் கம்பி, பழைய எம்எஸ் (சாதா இரும்பு) ஹெட்டரோடு, அதாவது இன்ஜினிலிருந்து வரும் பைப்போடு, சேர்க்க 309எல். புதுப்பேட்டையில் பைக் கேன் (சைலன்சர் உருளை) எடுத்து ஒட்டுவதென்றால் அதன் வாய் பெரும்பாலும் 51 மில்லிமீட்டர். ஏடிவி பைப் அதைவிடச் சிறிது, ரெட்யூசர் வேண்டும். இதிலெல்லாம் எனக்குள்ள குறை ஒன்றுதான்: முழுக்க வெல்டு அடித்தோ ரிவெட் அடித்தோ மூடிவிடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று திறந்து பார்க்க வழியில்லை.

ஸ்லிப்-ஆனில் நான் பார்ப்பது அதைத்தான். பின்மூடி ஆலன் போல்ட்டில் நிற்க வேண்டும், தீப்பொறி தடுக்கிற ஸ்பார்க் அரெஸ்டர் வலை தனியாகக் கழல வேண்டும். சவுக்குத் தோப்புச் சருகில் ஓட்டுகிறவர்கள் அந்த வலையைத் தூக்கிப் போடவே கூடாது. கரி பிடித்து மூச்சு முட்டினால் கம்பி பிரஷால் தேய்த்தால் போதும். சத்தம் மெல்ல மெல்லக் கரகரப்பானால் உள்ளே சத்தத்தை உறிஞ்சுகிற இழைப் பேக்கிங் போய்விட்டது என்று அர்த்தம். மூடியைக் கழற்றி, துளைக்குழாயைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, முதலில் எஸ்எஸ் வுல் ஒரு சுற்று, மேலே நீள இழை சைலன்சர் பேக்கிங் சுற்றி, மாஸ்கிங் டேப்பால் இறுக்கி உள்ளே தள்ளுங்கள். டேப் முதல் சூட்டில் எரிந்துபோகும், கொஞ்சம் புகை வரும், பயப்பட வேண்டாம். ஏசி டக்ட்டுக்குச் சுற்றுகிற மஞ்சள் கிளாஸ்வுல் வேண்டாம்: குட்டை இழை, அதன் பசை எரிந்ததும் துண்டு துண்டாக வாய் வழியே பறந்துவிடும். கையுறை, மாஸ்க் கட்டாயம்.

மாட்டும்போது உடைவது ஹெட்டர் ஸ்டட், பைப்பை இன்ஜின் ஹெட்டோடு பிடிக்கிற போல்ட். முதல் நாள் ராத்திரியே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் நட்டைச் சூடாக்கி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். பழைய காப்பர் கேஸ்கெட் நசுங்கியிருக்கும், மறுபடி போடாதீர்கள். எல்லா இடத்திலும் கைவிரல் இறுக்கத்தில் மாட்டிவிட்டு, முதலில் ஹெட் பக்கம், பிறகு ஸ்லிப் கிளாம்ப், கடைசியில் பிராக்கெட். பிராக்கெட்டை முதலில் இறுக்கினால் இழுப்பு முழுக்க ஸ்டட்டில் விழும். ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு திரும்ப இறுக்குங்கள். ஹெட்டரில் துணி மாதிரிச் சுற்றுகிற ஹீட் ராப் நம் ஊருக்கு ஆகாது, உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புது சைலன்சரில் காற்றோட்டம் கூடுவதால் கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது. பங்கில் இப்போது கிடைப்பது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), அதுவும் லீன் பக்கமே தள்ளும். மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றி ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வெளுத்திருந்தால் இன்னொரு அளவு, காப்பித்தூள் நிறம் வந்தால் போதும். ஆக்ஸிலேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடித்தால், ஜெட்டைத் தொடும் முன் இணைப்பில் கசிவு பாருங்கள். சைலன்சர் வாயைத் துணியால் அரைகுறையாக அடைத்து இணைப்பில் சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி காட்டிக்கொடுக்கும். இது இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஸ்டார்ட் செய்த உடனே.

விற்கும்போது ஒரிஜினல் சைலன்சர் கையில் இருந்தால் பேரம் படிய வசதி. ஓட்டையாக இருந்தாலும் பிராக்கெட், ஹீட் ஷீல்டுக்காக வாங்குகிற ஆள் கேட்பார். காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தண்ணீரை வடித்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் சுழற்றி, இரண்டு வாயையும் துணியால் அடைத்துப் பரணில் ஏற்றிவிடுங்கள்.