கார் இன்ஷூரன்ஸ் கிளெய்ம்ல 47,400 ரூபா போச்சு, ஃபில் பண்ணாத ஃபார்ம்ல சைன் போடாதீங்க

இப்பதான் சர்வீஸ் சென்டர்ல பணத்தைக் கட்டிட்டு வண்டிய எடுத்துட்டு வந்தேன். வயிறு எரியுது, இப்பவே எழுதிடுறேன்.

போன மாசம் பெருங்களத்தூர் கிட்ட ஜி.எஸ்.டி. ரோட்டுல டிராஃபிக்ல நிக்கிறேன், பின்னாடி வந்த லோடு வேன் விட்டான் ஒரு இடி, அந்த வேகத்துல என் வண்டி முன்னாடி நின்ன கார்ல போய் மோதிடுச்சு. பின்னாடி டிக்கி, பம்பர் காலி, முன்னாடி பானட், ஹெட்லைட், ரேடியேட்டர் காலி. பம்பர் டு பம்பர் பாலிசி, அதாவது பார்ட்ஸ் பழசுன்னு தேய்மானம் கழிக்க மாட்டாங்க. 1200 சிசி வண்டிங்கறதால கட்டாயமா நாமளே போட வேண்டிய 1,000 ரூபாயும் ஆயில், கூலன்ட் மாதிரி சில்லறைச் செலவும்தான் வரணும்.

டேமேஜைப் பாத்து எவ்ளோ குடுக்கலாம்னு ரிப்போர்ட் குடுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்புன சர்வேயர் வந்தாரு. முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் அவரே போட்டோ எடுத்தாரு. "டென்ஷனே ஆகாதீங்க சார், ஃபுல்லா பாஸ் ஆயிடும், நான் பாத்துக்கறேன்"னு சொன்னாரு, அவ்ளோ தன்மையா பேசுனாரு, வீட்டுக்குப் போன் பண்ணி நல்ல மனுஷன் வந்திருக்காருன்னு சொன்னேன். சர்வீஸ் சென்டர் அட்வைசர் கிளெய்ம் ஃபார்மை நீட்டி "சைன் மட்டும் போடுங்க சார், மீதிய நாங்க ஃபில் பண்ணிக்கறோம்"னான். நடந்தது மொத்தமும் அவன்கிட்ட சொன்னேன், தலையாட்டிக் கேட்டுக்கிட்டான்.

வேலையெல்லாம் முடிச்சு டெலிவரி அன்னிக்கு பில்லை நீட்டுறாங்க, நான் கட்ட வேண்டியது 47,400. ஏன்டான்னு கேட்டா ஃபார்ம்ல "பின்னால் வந்த வாகனம் மோதியது"ன்னு ஒரே வரிதான் எழுதியிருக்கான், அதை வெச்சு முன்பக்க டேமேஜ் இந்த ஆக்சிடென்ட்ல ஆனது இல்லன்னு சர்வேயர் கழிச்சு விட்டுட்டாரு. அவரே எடுத்த போட்டோ! ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எடுத்தது!

அட்வைசர்கிட்ட கேட்டா "எங்களுக்கு வந்த அப்ரூவல் இவ்ளோதான் சார்". இன்ஷூரன்ஸ் கஸ்டமர் கேர்ல "சர்வேயர்கிட்ட பேசுங்க". சர்வேயர் "ரிப்போர்ட் குடுத்தாச்சு, கம்பெனிய கேளுங்க"ன்னு கட் பண்ணாரு, அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. பணம் கட்டாம வண்டி வெளிய வராது, ஆபீஸ் போகணும், வேற வழி? 47,400 ரூபா, என் ஒன்றரை மாச சம்பளம்.

என்னென்ன பண்ணணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப முடியல. ஃபார்மை உங்க கையால எழுதுங்க, எது எதுல மோதுச்சுன்னு ஒண்ணுவிடாம எழுதி அதை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. எந்த பார்ட்டுக்கு எவ்ளோ பாஸ் ஆச்சுன்னு மெயில்ல வராம வேலைய ஆரம்பிக்க விடாதீங்க. சர்வே ரிப்போர்ட் காப்பி கேளுங்க. முதல்ல இன்ஷூரன்ஸ் கம்பெனி குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்துல குடுங்க, ஒரு மாசத்துல பதில் வரலன்னாலும் திருப்தி இல்லன்னாலும் சென்னையிலயே இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (கம்பெனி மேல வர்ற புகாரை விசாரிச்சு தீர்த்து வைக்கிறவர்) ஆபீஸ் இருக்கு, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேணாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட பீமா பரோசா போர்ட்டல்லயும் புகார் போடலாம்.

நான் இன்னிக்கே மெயில் அனுப்பிட்டேன், போட்டோ எல்லாத்தையும் சேர்த்து.