துணைக்கு ஆளா, வெள்ளைக் கோலா?

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் தினமும் பாலக்கோடு பஸ் பிடிக்கிறவன் நான், பார்வை சுத்தமாக இல்லை, இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்துவிட்டேன்.

ஆளோடு போனால் வேகம், பேச்சுத்துணை, பஸ் போர்டைப் படித்துச் சொல்லவும் ஆள் உண்டு. என்ன, முக்கால்வாசிப் பேர் நம் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுக்கிறார்கள். முறைப்படி அவர் முழங்கைக்கு மேலே நாம் பிடித்து அரை எட்டு பின்னால் நடக்க வேண்டும், அப்போதுதான் அவர் படி இறங்குவது நம் கைக்குத் தெரியும். அப்புறம், தம்பி வேலைக்குப் போய்விட்டால் அன்றைக்கு நான் வீட்டோடுதான்.

கோலுக்கு லீவு கிடையாது. நெஞ்செலும்பு உயரத்துக்கு ஒன்று வாங்கி, வலது கால் வைக்கும்போது இடப்பக்கம், இடது காலுக்கு வலப்பக்கம் என்று தட்டிக்கொண்டே போனால் பள்ளம், படி, குறுக்கே நிறுத்திய பைக் எல்லாம் முன்கூட்டியே தெரியும், சிமென்ட் முடிந்து மண் தொடங்கினால் சத்தமே வேறு. ஆனால் தலை உயரத்தில் கடைக்காரர் நீட்டிவிட்ட தகரத்தை அது சொல்லாது (நெற்றியில் தழும்பு இருக்கிறது, கேட்காதீர்கள்).

அன்றாடத்துக்கு எனக்குக் கோல்தான். புது ஊர், ஆஸ்பத்திரி, சேலம் நெடுஞ்சாலையைக் கடப்பது என்றால் கூச்சப்படாமல் ஒரு முழங்கையைக் கேட்பேன், கோலை மட்டும் மடித்து வைக்க மாட்டேன்.