மகாவலிக் கரையில் சொகுசு வீடு வாங்கப் பார்க்கிறவர்களுக்கு

கண்டியைச் சுற்றி மகாவலிக் கரையோரம் 'ரிவர் ஃப்ரன்ட்' தொடர்மாடி வீடு என்று வரும் விளம்பரத்தைப் பார்த்து முற்பணம் கட்ட யோசிக்கிறீர்கள் என்றால், கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். நாடு முழுக்க 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள், அதில் பெரும்பகுதி மலைநாட்டு மாவட்டங்களில். சரிந்த மலைகளைப் பார்த்த பிறகு, சரிவை விட்டு இறங்கி எங்காவது சமதரையில் ஒரு வீடு எடுத்துவிட வேண்டும் என்று எங்கள் சொந்தத்தில் எத்தனையோ பேர் பேசுகிறார்கள். அந்தப் பயம் இப்போது வியாபாரமாகிவிட்டது. "மண்சரிவுப் பயமே இல்லாத இடம்" என்று எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. அனுப்பியது எங்களுக்கு வீடு விற்ற அதே கம்பனி. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கம்பனியின் பெயரைப் போடவில்லை. விஷயம் வழக்குக்குப் போகலாம் என்பதால் வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். எப்படி விற்றார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும், யார் வந்து அதே பேச்சைப் பேசினாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும்.

நானும் கணவரும் ஹட்டன் பக்கத்தில் ஆசிரியர்கள். அம்மா தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் படிகளை அவர் ஏறி இறங்குவதைப் பார்க்க முடியாமல்தான் லிப்ட் உள்ள வீடு, கண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, என்று தேட ஆரம்பித்தோம். இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், வீட்டுக்கென்று ஓர் இலக்கம் கிடையாது. அம்மாவின் பெயரில் ஓர் உறுதிப் பத்திரம், கதவில் ஓர் இலக்கம், அவர் இருக்கும்போதே அது நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அவருடைய ஈபிஎஃப் பணம், தம்பி கட்டாரிலிருந்து அனுப்பியது, என் நகை, எல்லாம் சேர்த்து 2021 கடைசியில் முற்பணம் கட்டினோம்.

விற்க வந்தவர் நம்ம பிள்ளைதான், அழகான தமிழ். "அக்கா, ஆத்துப் பக்கம் எடுங்க. ரோட்டுப் பக்கம் யார் வேணும்னாலும் வாங்கலாம். ஆத்துப் பக்கம் இனிமே கெடைக்காது" என்றார். ஒரே அளவு, ஒரே மாடி, ஆனால் ஆற்றுப் பக்க வீட்டுக்கு 15 இலட்சம் கூட. காட்டிய படத்தில் கட்டடத்தின் பின்னால் மரப்பலகைத் தளம், அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் கருங்கல் படிகள், கரையோரமாக நடைபாதை, ஒரு நீச்சல் குளம். 'ஜெப்ரி பாவா பாணியில்' என்று புரோசரில் அச்சடித்திருந்தார்கள்.

பாவா இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். அவருடைய பெயரை இப்படி இழுப்பது எனக்கு இன்றைக்கும் கோபத்தைத் தருகிறது. தம்புள்ளைக்குப் பக்கத்தில் அவர் கட்டிய கந்தளம ஹோட்டலைப் பார்த்திருக்கிறேன். குளம் முன்னாலே இருக்கிறது, கட்டடம் தண்ணீரை விட்டு விலகி, மேலே பாறையை ஒட்டித் தூண்களில் நிற்கிறது. காட்டுக்கும் மழைத் தண்ணீருக்கும் கீழே வழி விட்டிருக்கிறார். தண்ணீரைப் பார்க்கிற கட்டடத்துக்கும் தண்ணீரின் இடத்தைப் பிடிக்கிற கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கே போய் நின்றால் விளங்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கட்டடக் காணியின் நில அளவைப் படத்தை எவ்வளவோ கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, படம் வாசிக்கத் தெரிந்த ஒரு நில அளவையாளரைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் விரலை வைத்து எல்லைக் கோட்டைக் காட்டினார். கம்பனியின் காணி ஆற்றைத் தொடவே இல்லை. அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் சின்ன எழுத்தில் ஆற்று ஒதுக்குக் காணி என்று இருக்கிறது. அதில் தனியார் எதையும் கட்ட முடியாது. படத்தில் காட்டிய பலகைத் தளம், படிகள், நடைபாதை, நீச்சல் குளம் அத்தனையும் அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் வரைந்திருந்தார்கள். எங்களிடம் 15 இலட்சம் கூடுதலாக வாங்கியது அவர்களுக்குச் சொந்தமில்லாத கரையைக் காட்டி.

இன்று அந்த இடத்தில் இருப்பது முள்கம்பி வேலி, கம்பிக்கூட்டில் கல் அடைத்த தடுப்புச் சுவர், மூங்கில் புதர், கட்டடம் கட்டியபோது கொட்டிய சீமெந்துக் கழிவு. கேட்டால், "படம் மாதிரிக்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கிறதுதான். கடைசிப் பக்கங்களில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். தமிழில் பேசி விற்கிறார்கள், கையெழுத்துக்கு நீட்டும் தாளில் ஒரு வரி தமிழ் இல்லை.

பரப்பளவிலும் இதே கதை. 1,080 சதுர அடி என்றார்கள். டேப் பிடித்து அளந்தால் உள்ளே 870தான் வருகிறது. மிச்சம் நடைவழி, லிப்ட், படிக்கட்டில் எங்கள் பங்காம். 2022 நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் விலையேறியபோது விலையேற்ற ஷரத்தைக் காட்டி இன்னொரு தொகை வாங்கினார்கள். விலை ஏறியது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கணக்கில் அந்தத் தொகை வந்தது என்று இன்றுவரை ஒரு தாள் கொடுக்கவில்லை.

2024இல் சாவி கொடுத்தார்கள். உறுதி எங்கே என்று கேட்டோம். "வந்துகிட்டிருக்கு அக்கா." தொடர்மாடி வீட்டு உரிமைக்கு நம் நாட்டில் அடிப்படை 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். கட்டடம் அனுமதி வாங்கிய படத்தின்படி கட்டப்பட்டிருக்கிறது என்று மாநகர சபையோ பிரதேச சபையோ இணக்கச் சான்றிதழ் தர வேண்டும். தொடர்மாடித் திட்டப்படம் காணிப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுதலாம். எங்கள் கட்டடத்துக்கு இணக்கச் சான்றிதழே இல்லை. ஆற்றுப் பக்கப் பால்கனிகள் அனுமதித்த படத்தை விட வெளியே நீண்டிருக்கின்றன என்பது சபைக்குப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. உறுதி இல்லாததால் வங்கிக் கடனும் இல்லை, விற்கவும் வழியில்லை. மாதா மாதம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வருகிறது.

அப்புறம் டித்வா புயலோடு வந்த வெள்ளம். மேலே சொன்ன இழப்புகளோடு என் கதையை ஒப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். ஆனால் வாங்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இதில் இருக்கிறது. கட்டடம் பேராதனைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் இடையில். மேலே நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கம் பெய்வதும், கொத்மலை அணையின் வான்கதவுகள் திறந்தால் வருவதும் இந்த வழியாகத்தான் வரும். ஆறு ஏறி வந்து கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்துக்குள் நுழைந்தது. ஜெனரேட்டர், தண்ணீர் பம்ப், பிரதான மின்பலகை மூன்றையும் அந்தக் கீழ்த்தளத்தில், அதுவும் ஆற்றுப் பக்க மூலையில் வைத்திருந்தார்கள். முதலில் மின்சாரம் போனது, லிப்ட் நின்றது, குழாயில் தண்ணீர் நின்றது. அம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுச் சிங்களப் பையன்கள் இரண்டு பேரும் என் கணவரும் ஐந்து மாடி தூக்கி இறக்கினார்கள். டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு படியாக இறங்கும்போது அம்மா கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னைய விட்டுட்டு நீங்க போங்கடா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். லிப்ட் இருக்கிறது என்றுதான் அந்த வீட்டையே வாங்கினோம்.

ஆற்றோரத்தில் கட்டுகிறவர் மின்பலகையை வெள்ள மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும் என்பது எந்தப் பொறியியலாளருக்கும் தெரியும். கீழ்த்தளத்தை வெறும் வாகனத்துக்கு விட்டால் தண்ணீர் வந்து போகும், கழுவிவிடலாம். மேலே ஓர் அறையை இதற்கென்று ஒதுக்கினால் விற்க ஒரு வீடு குறையும், அதனால் செய்யவில்லை. சேறு காய்ந்த பிறகும் சுவரில் இடுப்பளவுக்குக் கறைக்கோடு தெரிந்தது. இப்போது அதற்குப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பார்க்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்க்காமல், மின்பலகை எந்த மாடியில் இருக்கிறது என்று கேளுங்கள்.

காட்சிக்காகவே வாங்குகிறவர்களுக்கு ஒன்று. இடம் பொல்கொல்ல அணைக்கட்டுக்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள். 1976இலிருந்து அங்கே மகாவலித் தண்ணீரை மறித்து, சுமார் 8 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக உக்குவெல மின்நிலையத்துக்குத் திருப்புகிறார்கள். அணைக்கு மேலே தண்ணீர் அகலமாக நிற்கும். கீழே, மழை இல்லாத மாதங்களில், பாறைதான் அதிகம் தெரியும். புரோசர் படம் எந்த மாதம் எடுத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முற்பணம் கட்டுமுன் காணியின் நில அளவைப் படத்தையும், சபை அனுமதித்த கட்டடப் படத்தையும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கையையும் கையில் வாங்கிப் பாருங்கள். கண்டி மாவட்டத்தில் ஆற்றங்கரை என்றாலும் பின்னால் மலை இருக்கும், அதனால் அந்த அறிக்கையை விட்டுவிடாதீர்கள். ஆறு முன்பு எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கேட்கலாம், பேராதனையில் அவர்களுடைய நீர்மட்ட அளவீடு இருக்கிறது. அதை விட அந்தக் கரையில் காலங்காலமாக இருக்கும் கடைக்காரரிடம் கேட்டால் சுவரைத் தொட்டே காட்டுவார். கம்பனி ஏற்பாடு செய்யும் நொத்தாரிசு வேண்டாம், உங்கள் சொந்த நொத்தாரிசிடம் காட்டி, தமிழில் வரி வரியாகச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குக் கொடுக்கும் காசைப் பார்க்காதீர்கள். "நாளைக்குள்ள கட்டலன்னா வேற ஆளுக்குப் போயிடும்" என்றால் போகட்டும்.

எங்கள் கட்டடத்தில் வாங்கியவர்கள் சேர்ந்து, தொடர்மாடி வீடுகளுக்குப் பொறுப்பான அரச அமைப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். தமிழர், சிங்களவர், முஸ்லிம் எல்லாரும் இருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து பணம் கட்டிய சிலர் இன்னும் எங்களோடு சேரவில்லை. நீங்களும் அப்படி வாங்கியிருந்தால் ரசீது, வங்கிப் பற்றுச்சீட்டு, புரோசர், விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். எங்கள் சட்டத்தரணி முதலில் கேட்டது அந்தப் புரோசரைத்தான். அது கைவசம் இருந்தவர்கள் எங்கள் கட்டடத்தில் மிகச் சிலரே.