ஐஸ் என்று பிடிபட்டது ஐஸ்தானா? ஸ்ட்ரிப், ஜிசி-எம்எஸ், கியூ-டொஃப்: ஓர் ஒப்பீடு

புதுவகைப் போதைப்பொருளைக் கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனை நல்லது என்று யாராவது கேட்டால், கையில் இருப்பது என்ன என்று முதலில் திருப்பிக் கேட்பேன். பொலிஸ் பிடித்த பக்கற்றா, கட்டிலில் கிடப்பவரின் சிறுநீரா, பிரேத அறையில் எடுத்த இரத்தமா? மூன்றுக்கும் ஒரே கருவி சரிவராது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இந்தப் பேச்சு எழும்போது ஒன்று, "ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்டும் இல்ல" என்பதோடு கதை முடிந்துவிடும். இல்லாவிட்டால், கோடிக்கணக்கில் ஒரு மெஷின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று போய் நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

சிறுநீர் ஸ்ட்ரிப்பிலிருந்து தொடங்குவோம். மலிவு, ஐந்து நிமிடத்தில் முடிவு, மின்சாரமும் வேண்டாம். அதில் தடவியிருப்பது பிறபொருளெதிரி, அதாவது குறிப்பிட்ட ஒரு மூலக்கூறின் வடிவத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதம். முடிவை வாசிக்கும் முறை தலைகீழானது. இரண்டு கோடு வந்தால் போதைப்பொருள் இல்லை, ஒரு கோடு வந்தால் இருக்கிறது. கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப்புக்கு நேர் எதிர். இரண்டாவது கோடு மங்கலாக, வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும் அளவுக்கு இருந்தாலும் அது ‘இல்லை’ என்றே கணக்கு. ‘கொஞ்சமாக இருக்கிறது’ என்று அதை வாசிப்பவர்கள் நிறையப் பேர். மெதம்பெற்றமின், அதாவது ஐஸ், ஸ்ட்ரிப்புகள் பெரும்பாலும் மில்லிலீற்றருக்கு 500 அல்லது 1,000 நனோகிராம் என்ற எல்லையில் வேலை செய்கின்றன. அதற்குக் கீழே இருந்தால், இருந்தும் இல்லாததுதான்.

பெரிய குறை வேறு. ஸ்ட்ரிப் ‘இது என்ன?’ என்று கேட்பதில்லை. ‘இது நான் தேடும் ஆளா?’ என்று மட்டும் கேட்கிறது. ஒபியம் வகைக்கான ஸ்ட்ரிப் மோர்பினின் வடிவத்தைத் தேடுகிறது. ட்ரமடோல், ஃபென்ரனில், நைற்றஸீன் எல்லாம் அதே வேலையை உடம்பில் செய்தாலும் வடிவம் வேறு, ஆகவே தப்பிப் போய்விடும். கஞ்சாவுக்கான ஸ்ட்ரிப்பும் செயற்கைக் கஞ்சாப் பொருள்களைக் காண்பதில்லை. பிரிகபலின் மாத்திரையைப் போதைக்காக விழுங்குவது பற்றி இலங்கையில் இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறோம். அதற்கெனத் தனிப் பட்டி இல்லாத கிட்டில் அது தெரியவே தெரியாது. எனவே தாய்மார், "டொக்டர், டெஸ்ட்ல ஒண்டும் இல்லையெண்டுதானே வந்திருக்கு?" என்று கேட்கும்போது, அந்தப் பட்டியலில் உள்ள ஐந்தாறு பொருள்கள் இல்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள் என்று பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டும்.

மறுபக்கம், இல்லாததை இருப்பதாகவும் காட்டும். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லபெற்றலோல் உடம்பில் உடைந்து உண்டாகும் ஒரு பொருள் அம்பெற்றமின் ஸ்ட்ரிப்பை ஏமாற்றும். தடிமனுக்கு எடுக்கும் சூடோஎபிட்ரினும் அப்படிச் செய்யலாம். குழந்தை பெற வந்த ஒரு பெண்ணின் பெயர் இந்த ஒரு கோட்டால் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது?

அதனால் கட்டிலோரத்தில் என் தெரிவு ஸ்ட்ரிப்பும் இல்லை, மெஷினும் இல்லை. கண்மணி ஊசிமுனை போல் சுருங்கி, மூச்சு மெதுவாகிக்கொண்டு போனால், ஸ்ட்ரிப் என்ன சொன்னாலும் மூச்சுக்கு உதவிக்கொண்டே ஒபியம் வகையை முறிக்கும் நலோக்சோன் கொடுக்க வேண்டியதுதான். நைற்றஸீனுக்கும் அது வேலை செய்யும். திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டி வரலாம், அவ்வளவுதான். சிறுநீரையும் இரத்தத்தையும் எடுத்து வைத்துக்கொண்டால் பெயரை ஆறுதலாகக் கண்டுபிடிக்கலாம்.

பொலிஸ் பிடித்த பொருளுக்கு வருவோம். இதில் பழைய ஆள் நிறச் சோதனை. செறிந்த சல்பூரிக் அமிலத்தில் போமல்டிகைட்டு கலந்த மார்க்கி கரைசலில் ஒரு துளி விட்டால், ஹெரோயின் ஊதாவாகும், மெதம்பெற்றமின் செம்மஞ்சளில் தொடங்கிக் கபிலமாகும், எம்டிஎம்ஏ (எக்ஸ்டசி) கறுத்துப் போகும். பார்க்க அழகான சோதனை. ஆனால் ஒரே பக்கற்றில் மூன்று பொருள் கலந்திருந்தால் கறுப்பு மற்ற எல்லா நிறத்தையும் மூடிவிடும். கதினோன் என்ற செயற்கை ஊக்கி வகையில் சில வெறும் மஞ்சளோடு நின்றுவிடும், சிலவற்றுக்கு நிறமே வராது. சந்தேகத்தைக் கிளப்ப அது போதும், வழக்குக்குப் போதாது.

கையில் பிடிக்கும் அகச்சிவப்புக் கருவியும் லேசர் ஒளியால் பார்க்கும் ராமன் கருவியும் இதைவிட ஒரு படி மேல். பக்கற்றின் பெரும்பகுதி என்ன என்று சில நொடியில் சொல்லிவிடும், பொருளும் அழியாது. தொல்லை என்னவென்றால், கலவையில் நூற்றுக்கு ஐந்து பங்களவுக்குக் கீழே போனால் இரண்டுக்குமே கண் மங்கிவிடும். ஆளைக் கொல்லும் புதுப் பொருள்களோ நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் கலக்கப்படுகின்றன. மீதி கஃபீனும் பரசிற்றமோலும். கருவி "இது கஃபீன்" என்று நேர்மையாகத்தான் சொல்லும்!

இதே இடத்தில் ஃபென்ரனில், நைற்றஸீன் ஸ்ட்ரிப்புகள் பயன்படும், ஏனென்றால் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் மிகச் சிறிய அளவையும் காட்டும். அவற்றிலும் கவனம் வேண்டும். மெதம்பெற்றமின் செறிவாகக் கரைந்திருந்தால் ஃபென்ரனில் ஸ்ட்ரிப் பொய்யாக ஒரு கோடு காட்டும். ஐஸ் அதிகம் புழங்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. கரைசலை நன்றாக ஐதாக்கிவிட்டுத்தான் நனைக்க வேண்டும். நைற்றஸீன் ஸ்ட்ரிப்பைக் கஃபீன் அதேபோல் ஏமாற்றும்.

இனி ஜிசி-எம்எஸ், அதாவது வாயு நிறப்பகுப்போடு திணிவு நிறமாலைமானி. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கருவி இது. மாதிரியை ஆவியாக்கி, கால் மில்லிமீற்றர் அளவு உள்துளை கொண்ட முப்பது மீற்றர் நீளக் குழாய்க்குள் ஹீலியம் வாயுவோடு ஓடவிட்டு, கலவையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறது. வெளியே வரும் ஒவ்வொரு பொருளையும் 70 எலெக்ரோன் வோல்ற்று சக்தியில் உடைத்துத் துண்டுகளின் திணிவைப் பதிகிறது. உலகத்தில் எந்த ஆய்வுகூடமும் அதே 70இல் உடைப்பதால் துண்டுக் கோலம் எங்கேயும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும், நூலகத்தோடு ஒப்பிட்டுப் பெயர் வைக்கலாம். தடயவியல்காரர்கள் நடத்தும் ஸ்விக்ட்ரக் நூலகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஒரு உதாரணம். என்-ஐசோபுரோப்பைல்பென்சைல்அமின் என்றொரு பொருள் இருக்கிறது. வெள்ளைப் பளிங்காக, பார்வைக்கு அச்சொட்டாக ஐஸ். போதை தராது. ஐஸில் கலக்கவும், ஐஸ் என்றே விற்கவும் வெளிநாடுகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதன் சூத்திரமும் மெதம்பெற்றமினின் சூத்திரமும் ஒன்றே: பத்துக் காபன், பதினைந்து ஐதரசன், ஒரு நைதரசன். உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்களுக்கு, இரண்டும் சமபகுதியங்கள் என்றால் விளங்கும். ஆகவே திணிவை நான்கு தசமதானம் வரை அளந்தாலும் இரண்டுக்கும் 149.1204தான். ஆனால் ஜிசி-எம்எஸ்ஸில் உடைத்துப் பார்த்தால், மெதம்பெற்றமினில் மிக உயரமாக நிற்பது 58 என்ற துண்டு. மற்றதில் 91உம் 134உம் எழும்பி நிற்கும். ஒரு பார்வையில் பிரித்துவிடலாம். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கப் போதைப்பொருள் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு 5 கிராமோ அதற்கு மேலோ மெதம்பெற்றமின் வைத்திருந்தால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ வரலாம். 58ஆ 91ஆ என்பதில் ஒரு உயிரே தொங்குகிறது.

உடனே ஜிசி-எம்எஸ்ஸுக்கு மாலை போட வேண்டாம். உடல் பருமனுக்குக் கொடுக்கும் ஃபென்ரமினும் அதே சூத்திரம்தான், அதற்கும் உயரமான துண்டு 58. கதினோன் வகை மெஃபட்ரோனுக்கும் 58. குழாயிலிருந்து வெளிவரும் நேரத்தை, இன்னதென்று உறுதியான தூய பொருளான நியம மாதிரியோடு ஒப்பிடாமல், கோலத்தை மட்டும் பார்த்துக் கையொப்பம் வைக்கிறவர் மாட்டிக்கொள்வார். நைற்றஸீன் வகையோ இந்தக் கருவியில் இன்னும் மோசம். அநேகமாக 86 என்ற ஒரே துண்டாகச் சிதறிவிடும், பல் பிடுங்கும்போது போடும் லிக்னோகேய்னிலும் அதே 86. வெப்பத்தில் சிதையும் பொருள்களும் உண்டு.

இரத்தத்தில் நனோகிராம் கணக்கில் தேட வேண்டி வந்தால் எல்சி (திரவ நிறப்பகுப்பு) வகைக்குப் போக வேண்டும். திரவத்தில் கரைத்தபடியே பிரிப்பதால் சூடாக்கத் தேவையில்லை. இதில் இரண்டு பேர் போட்டி. ஒன்று எல்சி-எம்எஸ்எம்எஸ் என்ற மும்மை நான்முனைக் (ட்ரிப்பிள் குவாட்ரபோல்) கருவி. மில்லிலீற்றருக்கு ஒரு நனோகிராமுக்குக் கீழேயும் அளந்து அளவு சொல்லும். ஆனால் பட்டியல் கொடுத்தால் அந்தப் பட்டியலை மட்டும் பார்க்கும். விலை உயர்ந்த ஸ்ட்ரிப் என்று கிண்டலாகச் சொல்லலாம். மற்றது கியூ-டொஃப், ஓர்பிட்ராப் போன்ற உயர்துல்லியக் கருவிகள். இவை வருகிற எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். இன்றைக்குப் பெயர் தெரியாத ஒரு பொருள் ஆறு மாதம் கழித்து வேறொரு நாட்டில் அடையாளம் காணப்பட்டால், பழைய கோப்பைத் திறந்து அது அன்றைக்கு இருந்ததா என்று தேடலாம். இரத்தம் தீர்ந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

அந்தப் பின்னோக்கித் தேடல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ‘ஸ்பைஸ்’ கதை போதும். ஐரோப்பாவில் மூலிகைக் கலவை என்று பகிரங்கமாக விற்றார்கள். புகைத்தவர்களுக்குக் கஞ்சா போல் ஏறியது, சோதித்தால் கஞ்சா இல்லை. 2008 டிசம்பரில்தான் ஜெர்மனியில் அதற்குள் ஜேடபிள்யூஎச்-018 என்ற செயற்கைக் கஞ்சாப் பொருள் இருப்பது பிடிபட்டது. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஹஃப்மன் ஆராய்ச்சிக்காகச் செய்த பொருள் அது. நைற்றஸீன் கதையும் அப்படித்தான்: 1950களின் பிற்பகுதியில் சுவிற்சர்லாந்தில் வலிமருந்தாக ஆராய்ந்து கைவிட்டது, 2019 வாக்கில் ஐசோடொனிற்றஸீனாகச் சந்தையில் தலைகாட்டியது. ஐ.நா.வின் முன்னெச்சரிக்கை அமைப்பில் இதுவரை பதிவான புதுப் பொருள்கள் 1,200க்கு மேல். எந்தப் பட்டியலும் இதோடு ஓடிப் பிடிக்காது.

கியூ-டொஃப்பே வாங்கிவிடலாம் என்று தோன்றும். அந்தக் கருவிகளும் சமபகுதியத்தில் தடுக்கி விழும். ஐசோடொனிற்றஸீனும் புரொடொனிற்றஸீனும் ஒரே திணிவு. பிரிந்து வரும் நேரத்தாலும் நியம மாதிரியாலும்தான் உறுதிசெய்ய முடியும். ஜிசி-எம்எஸ் சில கோடி என்றால் இது அதைப்போல் பல மடங்கு. சுத்தமான கரைப்பான், நைதரசன் வாயு, இரவு பகலாக ஓடும் வெற்றிடப் பம்பி, குளிரூட்டி எல்லாம் ஓயாமல் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பழுது பார்க்கும் பொறியியலாளர் கொழும்பிலிருந்து வர வேண்டும், அவருக்குப் பாகம் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும்.

ஆகவே என் கணக்கு இது. கிழக்குக்கு ஒரு ஜிசி-எம்எஸ், பிடிபடும் பொருள்களுக்காக. மட்டக்களப்பில் இருந்தால் கல்முனைக்கும் அம்பாறைக்கும் எட்டும். ஹீலியம் விலை ஏறினால் ஐதரசனில் ஓடும் மாதிரியாகப் பார்த்து வாங்கலாம். கியூ-டொஃப் நாட்டுக்குப் பொதுவாகத் தலைநகரத்தில் இருக்கட்டும், இறந்தவர்களின் இரத்தம் அங்கே போகட்டும். எல்சி-எம்எஸ்எம்எஸ் இப்போதைக்கு எங்களுக்கு வேண்டாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு குளிர்பெட்டி வேண்டும், மறை 20 பாகை செல்சியஸில் நிற்கக் கூடியது. சட்ட வைத்திய அதிகாரி எடுக்கும் இரத்தம் நீதிமன்றக் கட்டளை, பொலிஸ் கையளிப்பு என்று கொழும்புப் பக்கமாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணிக்கிறது. சித்திரை வெயிலில் அது சாதாரண பெட்டிக்குள் கிடந்தால் கதினோன் வகைகள் சிதைந்துவிடும். ஹெரோயின் எடுத்ததற்கு நேரடிச் சாட்சி 6-அசற்றைல்மோர்பின். அது மெல்ல மோர்பினாக மாறிவிட்டால், வைத்தியசாலையில் போட்ட மோர்பினா, தெருவில் வாங்கிய ஹெரோயினா என்று பிரிக்க வழியில்லை. தொடை நாளத்திலிருந்து எடுத்து, சோடியம் புளோரைட்டு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் நிரப்பி, உடனே உறைய வைத்தால் இந்தச் சேதம் வெகுவாகக் குறையும். இதயத்திலிருந்து எடுத்த இரத்தத்தை மட்டும் அனுப்பினால், இறந்த பிறகு ஈரலிலும் நுரையீரலிலும் இருந்து கசிந்து வந்த மருந்து அளவைக் கூட்டிக் காட்டும்.

அப்புறம், கோரிக்கைப் படிவம். ‘நஞ்சு, போதைப்பொருள் உள்ளதா?’ என்று ஒற்றை வரி எழுதி அனுப்பினால் வழக்கமான பட்டியலைத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். மூச்சு நின்றா இறந்தார், வலிப்பு வந்ததா, உடம்பு கொதித்ததா, பக்கத்தில் என்ன மாத்திரை உறை கிடந்தது என்று எழுதினால் எந்தக் கருவியில், எந்த வகையைத் தேடுவது என்று அங்கே இருப்பவருக்குத் தெரியும். திரும்பி வரும் அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்றிருந்தால், எந்த முறையில், எந்தப் பட்டியலில், எந்த அளவு வரை தேடினார்கள் என்று திடீர் மரண விசாரணை அதிகாரியோ சட்டத்தரணியோ கேட்கலாம்.